“குழந்தை பெருசு” என்ற தீர்ப்பு

முப்பத்தெட்டாவது வாரத்து ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்லும் பேச்சு தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். “குழந்தை பெருசா இருக்கும்மா. மூணேமுக்கால் கிலோ காட்டுது. நார்மலுக்குப் பார்க்கலாம், ஆனா ரிஸ்க் இருக்கு. வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க.” பேசுவதற்கு அதன் பிறகு என்ன இருக்கிறது? ரிஸ்க் என்ற சொல் காதில் விழுந்ததுமே மாமியார் முந்திக்கொள்வார்: “எதுக்கு டாக்டர் வம்பு, ஆபரேஷனே பண்ணிடுங்க.” கணவர் தலையாட்டுவார். வயிற்றில் சுமப்பவளிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், பிள்ளைக்கு ஆபத்து என்று சொல்லிவிட்ட பிறகு மறுத்துப் பேச எந்தத் தாய்க்கு நா எழும்?

“குழந்தை பெருசு, அதனால் சிசேரியன்” என்பது இன்று வீட்டிலும் மருத்துவமனையிலும் கேள்வி கேட்காமல் ஏற்கப்படும் ஒரு தீர்ப்பு. அதில் உள்ள ‘அதனால்’ தவறு என்பதுதான் என் வாதம். பெருசு என்று சொல்ல வைத்திருக்கும் அளவு நம்பத்தகாதது. அளவு சரியாகவே இருந்தாலும் அது ஒன்றே அறுவைக்குப் போதுமான காரணம் ஆகாது. தவிர்க்கிறோம் என்று சொல்லப்படும் ஆபத்தை மட்டும் எண்ணி, வரவழைக்கும் ஆபத்தை எண்ணாமல் விடுவது கணக்கும் ஆகாது.

வேறொரு கூட்டம் இதைப் படித்துவிட்டுக் கைதட்ட வரும் என்பதால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. “நம்ம பாட்டிமார் களத்துமேட்டிலேயே பெத்துப் போட்டாங்க” என்ற பெருமைப் பேச்சில் எனக்கு உடன்பாடு கிடையாது. அந்தப் பாட்டிமாரில் பிள்ளையோடு சேர்ந்து செத்தவர்கள் கதை சொல்ல மிஞ்சவில்லை. 2018இல் திருப்பூரில் யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஓர் இளம் தாய் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அது இந்த மாநிலத்தின் சாதனை. நான் பேசுவது அந்த மருத்துவமனைக்குள் நடப்பதைப் பற்றி.

முதலில் அந்த மூணேமுக்கால் கிலோ எங்கிருந்து வந்தது? வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையை யாரும் தராசில் நிறுத்தவில்லை. ஸ்கேன் கருவி தலையின் குறுக்களவையும் சுற்றளவையும், வயிற்றின் சுற்றளவையும், தொடை எலும்பின் நீளத்தையும் எடுக்கிறது. இந்த அளவுகளை ஒரு சூத்திரத்தில் போட்டு எடையை ஊகிக்கிறது. பெரும்பாலான கருவிகளில் இருப்பது 1980களில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஃபிராங்க் ஹாட்லாக் என்ற மருத்துவரின் குழு உருவாக்கிய சூத்திரம். ஊகத்தில் பிழை வரும் என்பதை அவர்களும் மறைக்கவில்லை, கருவியும் மறைப்பதில்லை. அறிக்கையில் எடைக்குப் பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் குறி போட்டு இத்தனை கிராம் என்று அச்சாகியிருக்கும். பொதுவாக அது பதினைந்து விழுக்காட்டை ஒட்டி வரும். மூணேமுக்கால் கிலோவில் பதினைந்து விழுக்காடு என்றால் அரைக் கிலோவுக்கும் மேல். அதாவது உள்ளே இருப்பது 3.2 கிலோவாகவும் இருக்கலாம், 4.3 கிலோவாகவும் இருக்கலாம். முன்னது சாதாரணக் குழந்தை. அந்தக் கூட்டல் கழித்தலை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மருத்துவர் எத்தனை பேர்?

குழந்தை பெரிதாகப் பெரிதாக இந்தப் பிழை குறைவதில்லை, கூடுகிறது. எங்கே துல்லியம் அதிகம் வேண்டுமோ அங்கேதான் கருவி தடுமாறுகிறது. அமெரிக்காவில் 2011, 2012 ஆண்டுகளில் பிரசவித்த பெண்களிடம் நடத்திய பெரிய கருத்தாய்வு ஒன்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேர், குழந்தை பெரிதாக இருக்கலாம் என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகக் கூறினார்கள். உண்மையில் நான்கு கிலோவைத் தாண்டிய பிள்ளைகள் பத்தில் ஒன்றுதான். மற்றவர்கள் வீணாகப் பயந்தார்கள் என்று சிரித்துவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் பயம் பிரசவத்தையே மாற்றிவிடுகிறது. இஸ்ரேலிலிருந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, பெரிய குழந்தை என்று முன்கூட்டியே சந்தேகிக்கப்பட்ட தாய்மாரையும், யாரும் சந்தேகிக்காமல் பெரிய குழந்தையைப் பெற்ற தாய்மாரையும் ஒப்பிட்டது. சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு சிசேரியன் பல மடங்கு கூடுதலாக நடந்திருந்தது. அதனால் பிள்ளைகளுக்கு விளைந்த நன்மை எதையும் காண முடியவில்லை. ஆக, கத்தியை அழைத்துவந்தது ஸ்கேனில் எழுந்த சந்தேகம்.

இனி, எது பெருசு? உலகெங்கும் மருத்துவ நூல்கள் பெரிய குழந்தை என்று பேசத் தொடங்குவதே நான்கு கிலோவிலிருந்துதான். சிலர் நாலரையிலிருந்து. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் வழக்குகளுக்கு அஞ்சி அஞ்சியே நடைபோடும் அமைப்பு. அதன் வழிகாட்டுதல்கூட, சர்க்கரை நோய் இல்லாத தாய்க்கு மதிப்பிட்ட எடை ஐந்து கிலோவை எட்டினால், சர்க்கரை உள்ளவருக்கு நாலரைக் கிலோவை எட்டினால், திட்டமிட்ட சிசேரியனைப் ‘பரிசீலிக்கலாம்’ என்றுதான் சொல்கிறது. செய்தே தீரவேண்டும் என்று அங்கும் இல்லை. இங்கே மூன்றரைக் கிலோவுக்கே முகம் சுளிக்கிறோம்.

இதற்கு உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். “அது வெள்ளைக்காரிக்கு. நம்ம பொண்ணுங்க குள்ளம், இடுப்பெலும்பு சின்னது.” இதில் கொஞ்சம் உண்மை உண்டு. மிகக் குட்டையான தாய்மாருக்குப் பிரசவம் தடைப்படும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான். ஆனால் இயற்கை இந்தக் கணக்கை ஓரளவு முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறது. 1938இல் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் என்ற இருவர் பிரம்மாண்டமான ஷயர் குதிரைகளையும் குட்டையான ஷெட்லாண்ட் மட்டக்குதிரைகளையும் இணைசேர்த்துப் பார்த்தார்கள். பெரிய தாய்க்கும் குட்டித் தந்தைக்கும் பிறந்த குட்டி பெரிதாக இருந்தது. குட்டித் தாய்க்கும் பெரிய தந்தைக்கும் பிறந்தது சிறிதாக, அந்தத் தாய் ஈனக்கூடிய அளவில் இருந்தது. மரபுக் கலவை இரண்டிலும் ஒன்றுதான், வளர்ந்த கருப்பைதான் வேறு. கருப்பையில் வளரும் குழந்தையின் அளவைத் தகப்பனின் உயரத்தைவிடத் தாயின் உடல் அதிகம் கட்டுப்படுத்துகிறது என்பது மனிதர்களுக்கும் பொருந்தும். அப்பா ஆறடி, அதனால் குழந்தை மாட்டிக்கொள்ளும் என்று கல்யாண வீட்டில் பேசுகிறவர்களுக்கு இந்தக் குதிரைக் கதையைச் சொல்லலாம்.

இடுப்பெலும்பு சின்னது என்று பிரசவ வலி வருவதற்கு முன்பே விரலால் தொட்டுப் பார்த்து அறிவித்துவிடுவதும் இப்படித்தான். எக்ஸ்ரே எடுத்து இடுப்பை அளந்து பார்த்த காலம் ஒன்று இருந்தது. அப்படி அளந்ததால் சிசேரியன் கூடியது, பிள்ளைகளின் நலம் கூடவில்லை என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார்கள். தலைக்கும் இடுப்புக்கும் பொருந்தவில்லை என்ற முடிவு, அரிய விதிவிலக்குகள் நீங்கலாக, வலி எடுத்துப் போதிய நேரம் காத்திருந்த பிறகு மட்டுமே சொல்லத்தக்கது. இடுப்பு ஒரே வார்ப்பில் செய்த இரும்பு வளையமாக இருந்தால் அளவெடுத்ததும் தீர்ப்புச் சொல்லிவிடலாம். அது மூட்டுகளால் இணைந்தது. கர்ப்பகாலத்தில் அந்த மூட்டுகளின் தசைநார்கள் தளர்ந்துகொடுக்கின்றன. குந்தினாலோ முட்டிபோட்டாலோ கீழ்வாய் விரிகிறது, மல்லாந்து படுத்தால் வால் எலும்பு நசுங்கி வழி குறுகுகிறது. குழந்தையின் தலையும் அசையாக் கல் அல்ல. மண்டையோட்டுத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொடுத்து, தலை நீண்டு, வழிக்குத் தக்கபடி வடிவெடுக்கும். பிறந்த பிள்ளையின் நீண்ட தலையை எண்ணெய்க் குளியலில் பாட்டிமார் உருட்டி உருட்டிப் பிடிப்பதைப் பார்க்காதவர் யார்? பாட்டி பிடிக்காவிட்டாலும் அது சில நாளில் தானே உருண்டையாகிவிடும் என்பது வேறு விஷயம்.

எடை கூடும் அளவுக்குத் தலை கூடுவதும் இல்லை. சராசரிக் குழந்தையின் தலைச் சுற்றளவு முப்பத்து நாலரை சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். நன்றாகப் பெரிய குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கலாம். சுற்றளவில் அது எவ்வளவோ பெரிதாகத் தெரிந்தாலும் குறுக்களவில் அரை சென்டிமீட்டரைத்தான் ஒட்டி வரும். ஒரு கிலோ கூடுதலாக இருக்கும் குழந்தை அந்தக் கிலோவைப் பெரும்பாலும் கன்னத்திலும் வயிற்றிலும் தொடையிலும் வைத்திருக்கிறது. கொழுப்பு அமுங்கிக்கொடுக்கும்.

நார்வேயையும் ஸ்வீடனையும் பாருங்கள். அங்கே ஐந்தாறு குழந்தைகளில் ஒன்று நான்கு கிலோவைத் தாண்டிப் பிறக்கிறது. சிசேரியனோ எல்லாக் காரணங்களையும் சேர்த்தே நூற்றுக்கு இருபதை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கிறது. தமிழ்நாட்டின் கணக்கு? தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015-16இல் நூறு பிரசவங்களில் 34 அறுவை, 2019-21இல் ஏறக்குறைய 45. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 64 என்றும், அரசு மருத்துவமனைகளில் 36 என்றும் அதே ஆய்வு பிரித்துக் காட்டுகிறது. தனியாரிடம் போகும் பெண்கள் சற்று வசதியானவர்கள், வயதும் எடையும் சர்க்கரையும் கூடியவர்கள் என்ற விளக்கத்தில் ஒரு பகுதியை ஏற்கிறேன். முழுவதையும் ஏற்க முடியாது. சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பதைவிட அந்தப் பக்கம் குழந்தைகளின் தலை அவ்வளவு பெரிதாகிவிடாது. ஐந்து வருஷத்தில் தமிழ்நாட்டுப் பெண்களின் இடுப்பெலும்பு சுருங்கிவிடவும் இல்லை.

மருத்துவர்கள் பக்கம் உண்மையான பயம் ஒன்று இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். தலை வெளியே வந்த பிறகு தோள் தாயின் முன்பக்க இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்வது. தலை வந்தும் உடல் வராது. கையில் இருப்பது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களைப் பார்த்த மருத்துவரோ செவிலியரோ வாழ்நாளில் மறக்கமாட்டார். அவசரத்தில் கழுத்தை இழுத்தால் கைக்குப் போகும் நரம்புக்கற்றை பிய்ந்து குழந்தையின் கை விளங்காமல் போகலாம். நேரம் நீண்டால் மூளைக்குப் பிராணவாயு போகாது. குழந்தை பெரிதாகப் பெரிதாக இது நேரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மை. கலிஃபோர்னியாவின் பெரிய பிறப்புப் பதிவு ஆய்வு ஒன்று, சர்க்கரை நோய் இல்லாத தாய்மாருக்கு நான்கு முதல் நாலேகால் கிலோ எடைக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் தோள் மாட்டியதாகச் சொல்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதே எடையில் பன்னிரண்டு.

இப்போது முழுக் கணக்கையும் பாருங்கள். தோள் மாட்டிக்கொள்ளும் பிரசவங்களில் கிட்டத்தட்டப் பாதி நான்கு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு நேர்கிறது என்று பிரிட்டன் மகப்பேறு மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. பெரிய குழந்தைகள் எல்லோரையும் வயிற்றைத் திறந்து எடுத்தாலும் அந்தப் பாதி அப்படியே இருக்கும். தோள் மாட்டிய குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் பதினாறு பேருக்கு நரம்புக் காயம் ஏற்படுகிறது. அவர்களிலும் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே அது நிரந்தரமாகத் தங்குகிறது. 1996இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் வந்த ஒரு கணக்கீடு இந்த எல்லாவற்றையும், ஸ்கேனின் பிழையையும் சேர்த்து, ஒரு கேள்வி கேட்டது: ஒரே ஒரு நிரந்தர நரம்புக் காயத்தைத் தடுக்க எத்தனை சிசேரியன் செய்ய வேண்டும்? சர்க்கரை இல்லாத தாய்மாரில், நாலரைக் கிலோ என்று ஸ்கேன் காட்டியவர்களை எல்லாம் அறுத்தால் 3,695. நான்கு கிலோவை வரம்பாக வைத்தால் 2,345. சர்க்கரை உள்ள தாய்மாரில் அந்த எண் ஐந்நூறுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கடைசி எண்ணைப் பார்த்து ஒரு மருத்துவர் சிசேரியனைப் பரிந்துரைத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். முதல் இரண்டு எண்களை வைத்துக்கொண்டு பரிந்துரைத்தால் வருவேன்.

சர்க்கரை ஏன் இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கட்டுப்படாத சர்க்கரை உள்ள தாயின் குழந்தை வெறுமனே பெரிதாக வளர்வதில்லை. அதன் தோளிலும் உடம்பிலும் கொழுப்பு சேர்ந்து, தலையைவிடத் தோள் அகலமாகிறது. எடை ஒன்றாக இருந்தாலும் வடிவம் வேறு. எனவே கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடித்துக் கட்டுக்குள் வைப்பதுதான் பெரிய குழந்தைப் பிரச்சினையில் உண்மையாகவே பலன் தரும் மருத்துவம். அதில் தமிழ்நாட்டுக்கு ஒரு முன்னோடிப் பெருமையும் உண்டு. சென்னையின் மருத்துவர் வீ. சேஷையா வலியுறுத்திய முறை, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்ப்பது. 140 மில்லிகிராமை எட்டினால் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வெகுதூரம் பஸ்ஸில் வரமுடியாத பெண்ணுக்காகவே யோசித்தது போன்ற பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் அது வழக்கமாகவே நடக்கிறது. அதன் முடிவை ஒழுங்காகப் பின்தொடர்வதை விட்டுவிட்டு, ஒன்பதாம் மாத ஸ்கேனில் எடையைப் பார்த்துக் கையை விரிப்பது எந்த ஊர் வைத்தியம்?

தோள் மாட்டினால் என்ன செய்வது என்பதும் மருத்துவத்துக்குத் தெரியாத ரகசியம் அல்ல. தாயின் இரு தொடைகளையும் வயிற்றோடு சேர்த்து நன்றாக மடக்குவது முதல் வேலை. பாதிக்கும் குறையாத சமயங்களில் அதுவும், அடிவயிற்றில் எலும்புக்கு மேலே கொடுக்கும் அழுத்தமும் சேர்ந்து தோளை விடுவித்துவிடும். இல்லையென்றால் உள்ளே கைவிட்டுத் தோளைச் சுழற்றுவது, பின்பக்கத்துக் கையை முதலில் எடுப்பது. தாயைத் திருப்பி நாலு காலில் நிற்கவைக்கும் முறையும் உண்டு. குவாத்தமாலா மருத்துவச்சிகளிடமிருந்து வந்த அந்த முறையை மேற்குலகுக்குச் சொன்னவர் அமெரிக்க மருத்துவச்சி ஐனா மே காஸ்கின். இன்று அவர் பெயராலேயே அது பாடப்புத்தகங்களில் இருக்கிறது. பிரிஸ்டலின் சவுத்மீட் மருத்துவமனையில் பிரசவ அறையில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் ஆண்டுதோறும் பொம்மையை வைத்து இதைப் பழக்கினார்கள். தோள் மாட்டிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் 9.3 விழுக்காட்டிலிருந்து 2.3 விழுக்காடாகக் குறைந்தது என்று 2008இல் அறிவித்தார்கள். யாரையும் கூடுதலாக அறுக்காமல், ஸ்கேனை நம்பாமல், வேலை செய்கிறவர்களின் கைகளைப் பழக்கியே அதைச் சாதித்தார்கள்.

நம் பிரசவ அறைகளில் என்ன நடக்கிறது? வலி தாங்காமல் புரண்டு படுத்தாலே அதட்டல். காலைத் தூக்கி வைத்து மல்லாக்கப் படுக்கவைத்து, “முக்கு, முக்கு” என்ற கூச்சல். குழந்தை தாமதித்தால் ஒருவர் மேலேறி மேல்வயிற்றை முழங்கையால் அழுத்துவது. தோள் மாட்டியிருக்கும்போது மேல்வயிற்றை அழுத்தினால் தோள் எலும்பில் இன்னும் இறுகும். இது கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே சொல்லிவிட்டது. கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆகவேண்டும் என்ற பழைய அளவுகோலும் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று அதே பரிந்துரைகள் கூறின. பெரிய குழந்தைக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், எழுந்து நடக்கவும் சாய்ந்து நிற்கவும் விட வேண்டியிருக்கும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் “தலை இறங்கல” என்று எழுதி அறுவைக்கு அனுப்பிவிட்டு, பிறகு பார்த்தீர்களா, பெரிய குழந்தை வெளியே வராது என்று அதையே சாட்சியாக்குகிறோம்.

சரி, சிசேரியன் செய்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு: இந்தப் பிரசவத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். நல்ல மயக்க மருந்து, நல்ல கைகள், நாலைந்து நாளில் வீடு. விலை அடுத்த பிரசவத்தில் காத்திருக்கிறது. முதல் குழந்தை சிசேரியன் என்றால் இரண்டாவதும் சிசேரியன் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். தழும்பின்மேல் நஞ்சுக்கொடி ஒட்டி வளர்ந்தால் பிரிக்க முடியாமல் ரத்தம் ஆறாகப் போகும், கருப்பையையே எடுக்க நேரும். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்து இருக்கும் தாய்மாரில் இப்படி ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு, முன்பு ஒரு சிசேரியன் நடந்திருந்தால் பத்தில் ஒன்று, இரண்டு நடந்திருந்தால் பத்தில் நான்கு என்று 2006இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டுகிறது. இந்தப் பேச்சு எதுவும் ஸ்கேன் அறிக்கை மேசையில் கிடக்கும் அந்த நேரத்தில் எழுவதில்லை. ரிஸ்க் என்ற சொல் ஒரு பக்கத்துக்கு மட்டுமே சொந்தம்போல் பேசப்படுகிறது. இதற்குள் ஜாதகக்காரர் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்துக்காக முப்பத்தேழாவது வாரத்திலேயே எடுத்து, மூச்சுத் திணறும் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துவிட்டு வெளியே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவர்களை என்ன சொல்ல? ‘குழந்தை பெருசு’ என்ற காரணம் அவர்களுக்கு வெகு வசதி.

எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம் ஸ்காட்லாந்திலிருந்து வருகிறது. நாடின் மான்ட்கோமரி என்ற பெண் குட்டையானவர், இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளி. குழந்தை பெரிதாக இருக்கிறதே என்ற கவலையை அவரே சொல்லியும், தோள் மாட்டும் வாய்ப்பு பத்தில் ஒன்றை ஒட்டியது என்பதை மருத்துவர் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது அந்த மருத்துவரின் வாதம். 1999இல் பிரசவத்தில் தோள் மாட்டியது, குழந்தைக்கு மூளை பாதித்தது. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. இழப்பீடு ஐம்பத்திரண்டரை லட்சம் பவுண்டு. பார்த்தீர்களா, அறுத்திருந்தால் தப்பியிருக்கலாமே என்று இந்த வழக்கைக் காட்டுகிறார்கள். அந்தத் தாய்க்கு நிச்சயமாக சிசேரியன் முன்வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நீதிமன்றம் பெரிய குழந்தைகளை எல்லாம் அறுங்கள் என்று சொல்லவில்லை. எந்த விவேகமுள்ள பெண்ணும் தெரிந்துகொள்ள விரும்பும் ஆபத்தை, மாற்று வழிகளோடு சேர்த்து, அவளிடம் சொல்ல வேண்டும் என்றது. அந்த அளவுகோலில் நம் ஆலோசனை அறை தேறுமா? அங்கே ஒரு மருத்துவர் ஒரு பக்கத்து ஆபத்தை மறைத்தார். இங்கே மறுபக்கத்து ஆபத்தை மறைக்கிறோம். முழுக் கணக்கையும் கேட்டுவிட்டு, எனக்கு சிசேரியன்தான் வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால் அது அவள் உரிமை, அதில் மூக்கை நுழைக்க எனக்கோ மாமியாருக்கோ இடமில்லை.

நடுவில் இன்னொரு வழியும் உண்டு. குழந்தை மேலும் வளரும்முன் முப்பத்தெட்டாவது வாரத்தில் மருந்து கொடுத்து வலியை வரவழைப்பது. 2015இல் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, பெல்ஜியத்தில் நடந்த சோதனை இதற்குச் சாதகமாக வந்தது. 2025இல் பிரிட்டனில் ஏறக்குறைய 2,900 தாய்மாரிடம் நடந்த பெரிய சோதனையில் வித்தியாசம் சிறியது: தோள் மாட்டியது வலி வரவழைத்தவர்களில் நூற்றுக்கு 2.3, காத்திருந்தவர்களில் 3.1. அந்தச் சோதனையில் உறுதியான முடிவு என்று சொல்லும் அளவுக்கு அது எட்டவில்லை. கவலைப்படும் தாய்க்கு முன்வைக்கத்தக்க வழிதான். காத்திருந்தவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் தோள் மாட்டவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பெரிய குழந்தையைப் பற்றிய பயம் ஸ்கேனோடு வந்ததும் அல்ல. தென்கன்னடப் பகுதியைப் பற்றி 1980களின் தொடக்கத்தில் ஆய்வு வெளியிட்ட மானுடவியலாளர்கள், கர்ப்பிணிகள் வேண்டுமென்றே குறைத்துச் சாப்பிடுவதையும், இரும்புச்சத்து மாத்திரை குழந்தையைப் பெரிதாக்கிவிடும் என்று அதை ஒதுக்குவதையும் பதிவு செய்தார்கள். நம் வீடுகளிலும் “ரொம்பத் தின்னாதடி, புள்ள பெருசாயி வெளிய வராது” என்று சொன்ன கிழவிகள் இருந்தார்கள். பிரசவம் தடைப்பட்டால் சாவுதான் என்றிருந்த காலத்தில் அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. ரத்தசோகையில் வெளுத்துப்போன பெண்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். மருத்துவம் அந்தப் பயத்தைப் போக்கும் என்று எதிர்பார்த்தோம். கிழவி சொன்னதையே கணினி எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது.

மருத்துவர்களை மட்டும் வில்லனாக்குவதும் எனக்குச் சம்மதமில்லை. ஒரே மருத்துவர், இரண்டு செவிலியர், அழைத்தால் வரும் மயக்க மருந்து நிபுணர் என்று ஓடும் சிறிய மருத்துவமனையில், நள்ளிரவில் தோள் மாட்டினால் உதவிக்கு ஆள் கிடையாது. ஒரு குழந்தை இறந்தால் மறுநாள் கண்ணாடிக் கதவு நொறுங்கும், வாசலில் மறியல் நடக்கும், நாளிதழில் பெயர் வரும். சிசேரியன் செய்து ஏதாவது ஆனால், “டாக்டர் எல்லாம் செஞ்சாரு, நம்ம விதி” என்பார்கள். காத்திருந்து ஏதாவது ஆனால் மருத்துவர் கொலைகாரர். இப்படி ஒரு தராசை நாமே அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் கத்தியை எடுக்கிறார் என்று புலம்புவது பாதி நேர்மைதான். இரவு முழுக்கத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து நாடியும் குழந்தையின் இதயத்துடிப்பும் பார்க்க, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் வேண்டும். அந்த வேலையை ஒரு தனிப் படிப்பாக, தனிப் பதவியாக உருவாக்க மத்திய அரசு 2018இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பக்கத்துத் தெலங்கானா அதற்கும் முன்பே செவிலியர்களுக்குப் பயிற்சியைத் தொடங்கிவிட்டது. தாய்சேய் நலத்தில் முன்னோடி என்று மார்தட்டும் தமிழ்நாடு இதில் வேகம் காட்ட வேண்டும்.

அதற்கெல்லாம் பணமும் காலமும் ஆகும் என்றால், செலவே இல்லாத ஒரு வேலையை நாளைக்கே தொடங்கலாம். ஒவ்வொரு மருத்துவமனையிலும் பிரசவப் பதிவேடு இருக்கிறது. அறுவைக்கான காரணம் அதில் இருக்கிறது, பிறந்த குழந்தையைத் தராசில் வைத்துப் பார்த்த எடையும் இருக்கிறது. “குழந்தை பெரிது” என்ற காரணத்துக்காக அறுக்கப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் நான்கு கிலோவைத் தாண்டினார்கள், ஸ்கேன் சொன்ன எடைக்கும் தராசு சொன்ன எடைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அரசும் தனியாரும் மாதாமாதம் மாவட்ட வாரியாக வெளியிடட்டும். என் வாதம் தவறென்றால் அந்த இரண்டு பத்திகளே அதைக் காட்டிவிடும்.